‘பசங்கன்னா அப்படித்தான்’ என்கிற நாம்

மாலை நாலரைக்கு வேன் தெருமுனையில் வந்து நிற்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளை இறங்கி, ஷூவைக்கூடக் கழற்றாமல் நேரே கழிவறைக்கு ஓடுகிறான். நாம் பையைத் திறந்து டிபன் பாக்ஸை எடுக்கிறோம். காலையில் வைத்த எலுமிச்சை சாதம் கட்டியாக அப்படியே இருக்கிறது. தண்ணீர் பாட்டிலில் முக்கால்வாசி மிச்சம். “அஞ்சு மணிக்கு எழுந்து யாருக்காகச் சமைக்கிறேன்?” என்று ஆரம்பித்து, “ஷூவோட உள்ள போகாதேன்னு எத்தனை தடவை சொல்றது?” என்பதில் முடிக்கிறோம். அவன் வெளியே வரும்போது ஹோம்வொர்க் டைரி நம் கையில் இருக்கிறது.

பிள்ளை நாள் முழுக்க ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று யோசித்தோமா? குடித்தால் பள்ளிக் கழிவறைக்குப் போக வேண்டிவரும். ஆசிரியர் கண் படாத இடம் அது. வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுச் சிரிக்கிற நாலு பேர் அங்கே நிற்கலாம். எல்லாப் பிள்ளைக்கும் இதுதான் காரணம் என்று சொல்லவரவில்லை. நம் பள்ளிக் கழிவறைகளின் நாற்றமே போதுமான காரணம்தான். ஆனால் சாப்பிடாத சாதத்துக்கும் குடிக்காத தண்ணீருக்கும் அந்த ஓட்டத்துக்கும் சேர்த்து ஒரே காரணம் இருக்கக்கூடும் என்று நமக்குத் தோன்றவே இல்லையே, அதைச் சொல்கிறேன்.

வேன் நிற்கும் இடத்தில் நாம் எல்லோரும்தான் நிற்கிறோம். என்ன பேசிக்கொள்கிறோம்? அபாகஸில் எந்த லெவல், ஒலிம்பியாட் பாரம் வந்துவிட்டதா, ஆறாவதிலிருந்தே நீட் ஃபவுண்டேஷனில் போட்டால் தேவலையா. “என் பிள்ளையை வகுப்புல யாரும் சேர்த்துக்கறதில்ல” என்று ஒருவர் வாயிலிருந்தும் வந்து நான் கேட்டதில்லை. மார்க் குறைந்ததைக்கூடச் சொல்லிவிடலாம். டீச்சர் சரியில்லை என்று முடித்துக்கொள்ளலாம். பிள்ளைக்குச் சிநேகிதம் இல்லை என்பதைச் சொன்னால் அது நம் வளர்ப்பின் குறையாகிவிடும். அதனால் வாயை மூடிக்கொள்கிறோம், நானும்தான்.

1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்டபோது தமிழ்நாடே பதறியது. மறு ஆண்டே ராகிங் தடைச் சட்டம் வந்தது. அன்று முதல், கல்லூரியில் சேரும் பிள்ளையை விடுதியில் விடும்போது “ராகிங் ஏதாச்சும்னா உடனே போன் பண்ணு” என்று சொல்லிவிட்டு வரப் பழகிக்கொண்டோம். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இந்த எச்சரிக்கை. பத்து வயதுப் பிள்ளையின் சட்டை கிழிந்து வந்தால் மட்டும் ‘பசங்கன்னா அப்படித்தான், அடிச்சுக்குவாங்க, சேர்ந்துக்குவாங்க’. யாருக்குத் தாங்கும் வலு அதிகம், யாருக்குக் குறைவு?

அடித்துக்கொண்டு சேர்ந்துகொள்வது உண்டுதான். அது சண்டை. அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. நார்வேயைச் சேர்ந்த டான் ஓல்வேயஸ் என்ற உளவியலாளர் 1970களிலிருந்தே பள்ளிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் துன்புறுத்துவதை ஆராய்ந்தவர். சண்டைக்கும் சீண்டி வதைப்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகச் சொன்னவர் அவர். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்க்க முடியாத ஆளாகப் பார்த்துச் செய்வது. இந்த மூன்றும் சேர்ந்தால் அது விளையாட்டு இல்லை. அவர் பேச்சை அந்த நாடு உடனே காதில் வாங்கவில்லை. 1982இல் வட நார்வேயில் பத்துக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட வயதில் மூன்று சிறுவர்கள் தங்கள் உயிரைப் போக்கிக்கொண்டார்கள். சக மாணவர்களின் தொடர் வதை காரணமாக இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்த பிறகுதான், 1983இல் நாடு முழுவதும் பள்ளிகளில் இதற்கெதிரான இயக்கம் தொடங்கியது. மூன்று பிள்ளைகள் போன பிறகு.

நம் நாட்டுக் கணக்கும் ஒன்று இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரப்படி 2022இல் 13 ஆயிரத்துக்கும் அதிகமான மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். இதில் பெரும்பாலோர் பெரிய பிள்ளைகள். பத்து, பதினோரு வயதில் இது அரிது. அரிது என்பதால்தான் நாம் அந்தப் பக்கமே பார்ப்பதில்லை. பதினேழு வயதில் வெடிப்பது பதினோரு வயதில் ஊறத் தொடங்கியதாக இருக்கலாம் என்பதையும் சேர்த்தே மறந்துவிடுகிறோம்.

அந்தப் பதினோரு வயதில் நாம் என்ன செய்கிறோம் என்று பாருங்கள். ஐந்தாவது வரை வீட்டுப் பக்கத்திலேயே சின்னப் பள்ளி. எல்லா டீச்சருக்கும் பிள்ளையின் பெயர் தெரியும், ஆயாம்மாவுக்குக்கூடத் தெரியும். ஆறாவதுக்கு அங்கிருந்து எடுத்து, பிளஸ் டூ வரை இருக்கிற பெரிய பள்ளியில் போடுகிறோம். ஒரே வகுப்பில் நாற்பது, ஐம்பது பேர். பாடத்துக்கு ஒரு டீச்சர். வராண்டாவில் மீசை அரும்பிய அண்ணன்கள். நேற்று வரை பள்ளியிலேயே பெரிய பிள்ளையாக இருந்தது இன்று எல்லோரிலும் பொடிசு. பழைய கூட்டாளிகள் வேறு வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள். சேர்க்கைக்காக மூன்று மாதம் அலைந்தோம், ஃபீஸ் கட்டினோம், யூனிபார்ம் தைத்தோம். “புது ஸ்கூல்ல யார் பக்கத்துல உட்காரப் போறோம்னு பயமா இருக்கா?” என்று ஒரு வார்த்தை கேட்டோமா?

இதே வயதில் அந்தச் சின்னத் தலைக்குள்ளும் பெரிய கட்டுமான வேலை ஒன்று நடக்கிறது. அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ஜே கீட் என்ற மருத்துவரும் அவர் குழுவும் வளரும் பிள்ளைகளின் மூளையை வருடக்கணக்கில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து 1999இல் ஒன்றைச் சொன்னார்கள். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதியின் சாம்பல்நிறப் பொருள், பருவமடைவதையொட்டி, பெண்பிள்ளைக்கு ஏறக்குறைய 11, ஆண்பிள்ளைக்கு 12 வயதில் உச்சத்தைத் தொடுகிறது. பிறகு மெல்லக் குறைகிறது. புழங்கும் இணைப்புகள் உறுதிப்பட்டு, புழங்காதவை கழிந்துபோவதே இதற்குக் காரணம் என்று கருதுகிறார்கள். இந்தச் சீரமைப்பு முடிய இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடுகிறது. முன்பின் யோசிப்பது, அவசரத்தை அடக்குவது, ‘இதுவும் கடந்துபோகும்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது எல்லாம் அந்தப் பகுதியின் வேலைகள். பயம், அவமானம், கோபம் இவற்றைக் கிளப்பிவிடும் உட்பகுதிகளோ அதற்கு முன்பே சுறுசுறுப்பாகிவிடுகின்றன; பருவமடையும்போது சுரக்கும் ஹார்மோன்கள் அவற்றை இன்னும் தூண்டிவிடுகின்றன. வலி பெரியவர்களின் வலி. அதைத் தாங்கும் அறிவு இன்னும் பிள்ளையின் அறிவு.

வீடு கட்டுகிறவர்களுக்குத் தெரியும். தளம் போட்ட அன்றே யாராவது சென்ட்ரிங் பலகையைப் பிரிப்பார்களா? கான்கிரீட் இறுகும்வரை அதன் பாரத்தை முட்டுதான் தாங்கியாக வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த முட்டு நாம்தான். நாமோ, “நீ இன்னும் சின்னப் பிள்ளையா? ஆறாவது வந்தாச்சு, நீயே சமாளிச்சுக்கோ” என்று சரியாக இந்த நேரத்தில் பிரித்துவிடுகிறோம்.

மாலையில் அடுக்ககத்தின் கீழே பெண்பிள்ளைகள் விளையாடுகிறார்கள். ஒருத்தி மட்டும் படிக்கட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறாள். “உன்கூட எல்லாரும் டூ” என்று சொல்லி நாலு நாளாகிறது. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. பந்து அவள் பக்கம் உருண்டு வந்தால்கூட வேறொருத்தி ஓடிவந்து எடுத்துக்கொண்டு போகிறாள். மேலே பால்கனியிலிருந்து நாம் பார்க்கிறோம். “சும்மா உட்காராம மேல வந்து படிக்கலாம்ல?” என்று கூப்பிடுகிறோம்.

அடி வாங்கினால்தான் வலியா? 2003இல் கலிபோர்னியாவில் நவோமி ஐசன்பெர்கர் என்ற ஆய்வாளர் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். கணினித் திரையில் மூன்று பேர் பந்தை மாற்றி மாற்றிப் போட்டு விளையாடுவது. சிறிது நேரம் கழித்து மற்ற இருவரும் இவருக்குப் பந்து போடுவதை நிறுத்திவிடுவார்கள். அவ்வளவுதான் சோதனை. எதிரே உண்மையில் ஆள்கூட இல்லை, கணினிதான் ஆடுகிறது. அப்போதும், உடலில் அடிபட்டால் மூளையில் இயங்கும் பகுதி ஒன்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு இயங்கியது. முகம் தெரியாதவர்கள் சில நிமிடம் பந்து போடாததற்கே வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதி. அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவளுக்குப் பந்து போடாதவர்கள், ஒரு வாரம் முன்பு வரை உயிர்த் தோழிகள்.

நாம் என்ன ஆறுதல் சொல்வோம்? “விடுடா, பெரியவனானா இதெல்லாம் ஞாபகத்துலயே இருக்காது.” நாற்பது வயதில் நமக்கு ஒரு வருடம் ஓடுவது தெரிவதில்லை. பத்து வயதுப் பிள்ளைக்குக் காலாண்டுக்கும் அரையாண்டுக்கும் நடுவில் இருப்பது கரையே தெரியாத காலம். நாளைக்கு மறுபடியும் அதே வேன், அதே சீட். அவனிடம் போய் இருபது வருடம் கழித்துச் சரியாகிவிடும் என்கிறோம்.

சரி, வகுப்பில் பிள்ளையைச் சீண்டக் கூப்பிடுகிற பட்டப்பெயரை முதலில் வைத்தது யார்? இந்தக் கேள்வியில் நாம் அத்தனை பேரும் மாட்டுவோம். கிரகப்பிரவேசத்துக்குப் போகிறோம். வாசலில் சந்தனம் கொடுக்கும்போதே பெரியப்பா “என்னடி, வெயில்ல போட்டுக் காயவிட்டாளா உங்கம்மா, இப்படிக் கறுத்துட்டே?” என்கிறார். பந்தியில் அத்தை, “இவனுக்கு ரெண்டு இலை போடுங்கப்பா” என்று சிரிக்கிறார். எல்லோரும் சிரிக்கிறோம். பிள்ளையும் சிரிக்கிறான், சிரிக்காவிட்டால் “கேலிகூடத் தாங்கமாட்டேங்கறான்” என்று அதற்கும் ஒரு பேச்சு வரும் என்று அவனுக்குத் தெரியும். உடம்பை, நிறத்தை, திக்கிப் பேசுவதை வைத்துப் பெயர் கூப்பிடலாம் என்ற பாடத்தைப் பிள்ளைகள் பள்ளியில் போய்ப் படிக்கவில்லை. நம் வீட்டு விசேஷங்களில் படித்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போகிறார்கள். அன்று பந்தியில் கூடச் சேர்ந்து சிரித்த சித்தி பையன் திங்கட்கிழமை அவன் வகுப்பில் இன்னொரு பிள்ளையை அதே பெயரில் கூப்பிடுகிறான்.

அதைவிடக் கொடிய பாடமும் வீட்டில் உண்டு. “அவங்க வீட்டுப் பக்கம் போகாத”, “அவன் டிபன்ல கை வைக்காத”. காரணம் சொல்லமாட்டோம், பிள்ளைக்குப் புரிந்துவிடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படிக்கும் பட்டியலினப் பையன் ஒருவன் சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தான். பள்ளியில் என்ன ஏது என்று கேட்டு, அவன் நடந்ததைச் சொன்ன பிறகு, அன்று இரவே அந்த மாணவர்கள் வீடு புகுந்து அவனையும் தடுக்க வந்த தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். இதையொட்டி அரசு அமைத்த ஒரு நபர் குழுவின் நீதிபதி சந்துரு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எதுவும் மாணவர்களிடம் இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தார். கயிற்றைப் பற்றி இரண்டு பக்கமும் நிறையப் பேசினார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் மணிக்கட்டில் அந்தக் கயிற்றை முடிச்சுப் போட்டது எந்த வீட்டுக் கை என்று மட்டும் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

நாங்குநேரியை இன்னொரு காரணத்துக்காகவும் இங்கே சொல்கிறேன். “எதுனாலும் சொல்லு, நான் பாத்துக்கறேன்” என்று பிள்ளையிடம் சொல்வது நமக்குச் சுலபம். சொன்ன பிறகு நடக்கப்போவதை அனுபவிக்கிறவன் அவன். சொன்னால் நாம் என்ன செய்வோம் என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். பாதிப் பேர் “நீ என்ன பண்ணினே? நீ சும்மா இருந்தா அவன் ஏன் வர்றான்?” என்போம். இன்னும் சிலர் “ஆம்பளப் புள்ள அழலாமா? திருப்பிக் குடுத்துட்டு வா” என்போம். மீதிப் பேர் மறுநாள் காலை பள்ளி வாசலில் போய் அந்த இன்னொரு பிள்ளையின் காதைப் பிடித்துக் கத்துவோம், பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நீளமாகக் குரல் பதிவு போடுவோம். மத்தியானத்துக்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். அவன் ஏன் வாயைத் திறக்கப் போகிறான்?

இப்போது செல்போன் வேறு. முன்பெல்லாம் நாலு மணிக்கு மணி அடித்தால் வதையும் முடிந்தது. வீடாவது மிச்சம் இருந்தது. 2020இல் ஆன்லைன் வகுப்புக்காகக் கொடுத்த போனைத் திரும்ப வாங்கவே இல்லை. வகுப்புக் குழு என்று ஒன்று, அதில் இவனைத் தவிர எல்லோரும் இருக்கிற குழு என்று இன்னொன்று. இவன் வாய் பிளந்து தூங்கும் போட்டோவை யாரோ ஸ்டிக்கராக்கிவிட்டார்கள். இன்ஸ்டாகிராமில் 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கணக்கு கூடாது என்பது அவர்களே வைத்திருக்கும் விதி. பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டுக் கணக்கு தொடங்கிக் கொடுத்தது யார்?

அப்புறம், மார்க். விடைத்தாளில் கையெழுத்து வாங்க வருகிறான். 38க்கு மேல் நம் கண் போகிறது: “ஃபர்ஸ்ட் மார்க் எவ்வளவு? பக்கத்து வீட்டு ஹரிணி எவ்வளவு?” பள்ளியில் நாள் முழுக்க யாரோ அவனை இன்னொருவனோடு வைத்து அளந்திருக்கிறார்கள், உயரமா குள்ளமா, கிரிக்கெட்டில் முதலில் எடுப்பார்களா கடைசியில் எடுப்பார்களா என்று. வீட்டுக்கு வந்தால் நாமும் அளவுகோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். நல்லதுக்குத்தான் கேட்கிறோம். கடன் வாங்கி ஃபீஸ் கட்டுகிறவர்களுக்குக் கேட்கும் உரிமை இல்லையா என்றால், உண்டு. ஆனால் இரண்டு இடத்திலும் தோற்ற பிள்ளை மூன்றாவதாக எங்கே போய் நிற்கும்?

இனி எழுதுவதை எழுதவே கை கூசுகிறது. “செத்துப் போயிடலாம்போல இருக்கு” என்று பதினோரு வயதுப் பிள்ளை சொல்கிறது. “வாயக் கழுவு! விளக்கு வைக்கிற நேரத்துல பேசற பேச்சா இது?” என்று வாயிலேயே ஒன்று போடுகிறோம். பயத்தில்தான் போடுகிறோம். பேச்சு அத்தோடு முடிகிறது, இனி அந்தப் பிள்ளை அதை நம்மிடம் சொல்லாது. இதையும் யோசியுங்கள்: அந்த வாக்கியத்தை அது எங்கே கற்றது? “ஒருநாள் நான் போய்ச் சேர்ந்தாத்தான் உங்களுக்கெல்லாம் என் அருமை தெரியும்.” அடுப்படியில் நின்று இதைச் சொல்லாத அம்மா எத்தனை பேர்? “உங்களக் கட்டி மேய்க்கறதுக்கு எங்கயாவது போய் விழலாம்” என்று சொல்லாத அப்பா? செத்துப் போனால் மற்றவர்கள் வருந்துவார்கள், தன் பக்க நியாயம் அப்போது நிலைக்கும் என்ற கணக்கை நாம்தான் தினப்படி பேச்சில் சொல்லிக் கொடுக்கிறோம். நமக்கு அது பேச்சுவழக்கு. கேட்கிற பிள்ளைக்கு எட்டு, ஒன்பது வயதுக்குள்ளேயே சாவு என்றால் திரும்பி வராதது என்று தெரிந்துவிடுகிறது. தற்கொலை என்ற சொல்லும், சீரியலும் செய்தியும் ஓடுகிற வீட்டில், சீக்கிரமே தெரிந்துவிடுகிறது.

சின்னப் பிள்ளைக்கு அப்படியெல்லாம் எண்ணம் வராது என்று நினைக்கிறோம். அமெரிக்காவில் 9, 10 வயதில் இருந்த ஏறத்தாழ 12 ஆயிரம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, அவர்கள் மூளை வளர்ச்சியைத் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். பிள்ளையிடம் தனியாகவும் பெற்றோரிடம் தனியாகவும் தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பிள்ளை ‘ஆம், நினைத்திருக்கிறேன்’ என்று சொன்ன பல வீடுகளில் பெற்றோர் ‘அப்படி எதுவும் இல்லை’ என்றிருக்கிறார்கள். பொய் சொல்லவில்லை. தெரியாது, அவ்வளவுதான்.

அதே நாட்டில் 2016இல் வெளியான ஆய்வு ஒன்று, தற்கொலையால் இறந்த 5 முதல் 11 வயதுப் பிள்ளைகளையும் 12 முதல் 14 வயதுப் பிள்ளைகளையும் ஒப்பிட்டது. சிறியவர்கள் விஷயத்தில் வீட்டாரோடும் நண்பர்களோடும் ஏற்பட்ட மனக்கசப்பு அதிகமாகத் தெரிந்தது. மனநலச் சிக்கல் இருந்தவர்களிலும், அந்தப் பெரிய பிள்ளைகளைப் போலன்றி, மனச்சோர்வைவிட ஓரிடத்தில் நிற்காத, கவனம் சிதறுகிற கோளாறே சிறியவர்களிடம் அதிகம். நாம் உம்மென்று மூலையில் உட்காரும் பிள்ளையைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறோம். “துறுதுறுன்னு இருப்பான், இவனுக்கென்ன கவலை” என்று விட்டுவிடுகிறோமே, அந்தப் பிள்ளையும் இந்தக் கணக்கில் உண்டு. நீண்ட நாள் திட்டம் எதுவுமில்லாமல் ஒரு சண்டையின் சூட்டில், ஒரு அவமானத்தின் சூட்டில் நடந்துவிடுவது இந்த வயதின் ஆபத்து. எந்த ஒரு கேலியும் தனியாக ஓர் உயிரை எடுத்துவிடாது. பல சேர்ந்துதான் எடுக்கின்றன. எந்தச் சேர்க்கை எந்தப் பிள்ளைக்கு என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அதனால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாக ஆகாதா? நம்மில் பலருக்கு இருக்கும் பயம் இது. ஆகாது என்பதை உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஆய்வுகளும் அதையே காட்டியிருக்கின்றன. கேட்டால் பிள்ளைக்குப் பாரம் குறைகிறது. எதிரே உட்காரவைத்து விசாரணை நடத்தினால் எந்தப் பிள்ளையும் பேசாது. ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது, இரவு விளக்கணைத்த பிறகு பக்கத்தில் படுத்திருக்கும்போது பேசும். முகம் பார்க்க வேண்டியதில்லை அல்லவா? “ரொம்பக் கஷ்டமா இருந்தா சில பேருக்குச் செத்துப்போகலாம்னுகூடத் தோணும். உனக்கு எப்பவாச்சும் அப்படித் தோணியிருக்கா?” இவ்வளவு நேராகவே கேட்கலாம். ‘ஆமாம்’ என்றால் அழாமல், அடிக்காமல், உபதேசம் செய்யாமல் கேட்டுக்கொள்வதுதான் கஷ்டமான பகுதி. “சொன்னது நல்லதாப் போச்சு” என்று சொல்லிவிட்டு, மேலே என்ன என்று கேளுங்கள்.

அதற்குப் பிறகு தள்ளிப்போடக் கூடாது. அன்றிரவு பிள்ளையைத் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் அன்றே அவன் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம், காசில்லை. 104 இருக்கிறது. சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. பிள்ளைக்கு வெளியிலிருந்து ஆபத்து என்றால் 1098. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மருத்துவரிடம் போகாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொண்டு சிகிச்சைதான் தரச் சொல்கிறது, தண்டனையை அல்ல. “நாளைக்கு இவளுக்குக் கல்யாணம் பேசும்போது தெரிஞ்சா?” என்று ஒரு குரல் எந்த வீட்டிலும் எழும். பதினோரு வயதுப் பிள்ளைக்கு இன்னும் நடக்காத கல்யாணத்துக்காக இன்றைய வைத்தியத்தை நிறுத்துவதா?

பள்ளியில் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். முதலில் பிள்ளையையே கேளுங்கள், நாங்கள் டீச்சரிடம் பேசினால் என்ன நடக்கும் என்று பயப்படுகிறாய் என்று. அந்தப் பயம் பெரும்பாலும் நியாயமானது. எந்த நாள், எந்த இடம், யார் பார்த்தார்கள் என்பதைத் தேதி போட்டு எழுதிக்கொண்டு, வகுப்பாசிரியரைத் தனியாகப் பாருங்கள். எதிர்த்தரப்புப் பிள்ளையைத் தண்டிக்கச் சொல்லிப் போகாதீர்கள். வேனில் சீட்டை மாற்ற முடியுமா, இடைவேளையில் கழிவறைப் பக்கம் ஒருவர் நிற்க முடியுமா என்று, செய்யக்கூடியதாகக் கேளுங்கள். செய்ததா என்று போய்ப் பாருங்கள். உடலைத் தொட்டுச் செய்த பாலியல் கொடுமை என்றால் இந்த நிதானமெல்லாம் வேண்டாம். அது சட்டம் பார்த்துக்கொள்ள வேண்டியது, மறைப்பதே குற்றம்.

பின்லாந்தில் 2009 முதல் பள்ளிகளில் பரவலாக நடத்தும் ‘கிவா’ என்ற திட்டம், சீண்டுகிறவனையும் சீண்டப்படுகிறவனையும்விடச் சுற்றி நின்று பார்ப்பவர்கள்மேல் அதிகக் கவனம் வைக்கிறது. சிரிக்க ஆள் இல்லாவிட்டால் சீண்டுவதில் ருசி இல்லை என்பது அதை உருவாக்கிய துர்க்கு பல்கலைக்கழகத்தாரின் கருத்து. எனக்கு இது மிகச் சரியாகப் படுகிறது. ஏனென்றால் நம்மில் பெரும்பாலோரின் பிள்ளை அடிக்கிறவனும் இல்லை, அடிபடுகிறவனும் இல்லை; பக்கத்தில் நின்று சிரிக்கிற முப்பது பேரில் ஒருவன். “உனக்கு எதுக்கு ஊர் வம்பு, நீ உன் வேலையப் பாரு” என்று அவனை அப்படி வளர்த்ததும் நாம்தான். படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறவள் பக்கத்தில் போய் உட்கார அவனுக்கு ஓர் ஐந்து நிமிடம் போதும். போய் உட்காரச் சொல்லி என்றாவது சொல்லியிருக்கிறோமா?

ஒருவேளை பள்ளியிலிருந்து வரும் போன், நம் பிள்ளை இன்னொரு பிள்ளையை வதைக்கிறான் என்பதாக இருந்தால்? “எங்க பையன் அப்படிப்பட்டவன் இல்ல, மேடம்” என்று நாம் சொல்லி முடிப்பதற்குள் அவன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். அன்றோடு அவனுக்குத் தைரியம் வந்துவிடும். அடித்து நொறுக்குவதும் அதே அளவு வீண். பலமுள்ளவன் அடிக்கலாம் என்பதை அவனுக்கு மறுபடியும் நிரூபித்ததாகவே ஆகும். அவனை யார் அடிக்கிறார்கள், எங்கே அவன் பொடிசாக நிற்கிறான் என்று தேடினால் பல நேரம் காரணம் வீட்டுக்குள்ளேயே அகப்படும். போனில் “நான் கேக்கறேன், டீச்சர். நாளைக்கு நேர்ல வர்றேன்” என்று மட்டும் சொல்லுங்கள், சொன்னபடி போங்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டம் வரும். சனிக்கிழமை காலை, வரிசையில் நிற்போம், ரேங்க் கார்டு வாங்குவோம், கணக்கில் ஏன் குறைந்தது என்று கேட்போம். நமக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். கையெழுத்துப் போட்ட பிறகு, இடைவேளையில் இவன் யாரோடு நிற்கிறான், டிபனை யாரோடு சாப்பிடுகிறான் என்று கேளுங்கள். டீச்சருக்குச் சட்டென்று தெரியாமல் இருக்கலாம், ஐம்பது பிள்ளைகள். கவனித்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டு வாருங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் போய்க் கேளுங்கள்.